ராணுவச் சிற்றலை கேட்பது எப்படி? பூஜ்யத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

முதலிலேயே ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்: இதில் யாருடைய ரகசியமும் உங்கள் கைக்கு வராது. கேட்கப்போவதில் பாதி வெறும் எழுத்தும் எண்ணும், மீதி காதைக் குடையும் கரகரப்பு. அப்படியிருந்தும் நள்ளிரவில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்காரும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறோம். காரணம், செய்திக்குள் போகாமலேயே யார் பேசுகிறார்கள், எந்தத் திசையிலிருந்து, ஏன் இந்த நேரத்தில் இந்த அலைவரிசையில் என்பதையெல்லாம் வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிட முடியும். அதில்தான் ருசி.

செயற்கைக்கோள் காலத்திலும் ராணுவங்கள் ஏன் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்தப் பழைய அலையை விடவில்லை? செயற்கைக்கோளை முடக்கலாம், சுட்டு வீழ்த்தலாம். தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தை, அதாவது மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கை, யாரும் சுட்டு வீழ்த்த முடியாது. அதில் பட்டுத் திரும்பும் அலை ஒரே தாவலில் மூவாயிரம் கிலோமீட்டர்கூடப் போகும், தரையிலும் கடலிலும் பட்டு மறுபடி தாவும். இன்னொன்று, கேட்பவர் பதில் சொல்லத் தேவையில்லை. விமானமோ கப்பலோ தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் உத்தரவை வாங்கிக்கொள்ளலாம். அந்த வசதி நமக்கும் சேர்த்துத்தான்.

சட்டத்தை முதலில் பாருங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கேட்பது நாட்டுக்கு நாடு வேறுபடும் விஷயம். பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டு வயர்லெஸ் டெலிகிராபி சட்டத்தின் 48-வது பிரிவு, உங்களுக்கென்று அனுப்பப்படாத செய்தியை வேண்டுமென்றே கேட்பதையே குற்றமாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ராணுவச் சிற்றலையைப் பொழுதுபோக்காகக் கேட்பவர்கள் ஏராளம், ஆனால் கேட்டதை அடுத்தவருக்கு வெளியிடுவதில் 1934-ஆம் ஆண்டு தகவல்தொடர்புச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சில நாடுகளில் ரிசீவர் வைத்திருப்பதற்கே உரிமம் கேட்பார்கள். உங்கள் நாட்டு விதியைத் தேடிப் படித்துவிட்டு அப்புறம் மேலே வாருங்கள்.

சட்டம் அனுமதித்தாலும் நான் இரண்டு விஷயத்தில் பிடிவாதம். ஒன்று, ஒருபோதும் அந்த அலைவரிசைகளில் குரல் கொடுக்கக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. இரண்டு, நடந்துகொண்டிருக்கும் போரில் ஒரு படைப்பிரிவு எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்று காதில் விழுந்தால் அதைச் சுடச்சுட இணையத்தில் போடக் கூடாது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய வாரங்களில் ரஷ்யத் தரப்பின் குறியாக்கம் செய்யப்படாத பேச்சுகள் சிற்றலையில் அப்படியே கேட்டன, உலகம் முழுக்க ஆர்வலர்கள் பதிவு செய்தார்கள். அப்படியான நேரத்தில் நீங்கள் எழுதும் ஒரு வரிக்கு மறுமுனையில் உயிர் இருக்கிறது.

படி 1: ரேடியோ வாங்காதீர்கள், இப்போதைக்கு

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எந்த மாடல் வாங்கலாம் என்றுதான். எதுவும் வேண்டாம். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது, வெப்எஸ்டிஆர் என்று தேடினால் கிடைக்கும். உலாவியில் திறந்தால் பூஜ்யத்திலிருந்து ஏறக்குறைய 29 மெகாஹெர்ட்ஸ் வரை நீங்களே திருப்பிக் கேட்கலாம். அது போதாதென்றால் கிவிஎஸ்டிஆர் என்ற சிறிய ரிசீவரைத் தங்கள் வீட்டில் வைத்து உலகத்துக்கே திறந்துவிட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ஜப்பானில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்துத் தாவலில் ஐரோப்பாவில் ஒன்றைத் திறந்து, ஒரே அலைவரிசை இரண்டிலும் எப்படி விழுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்த ரேடியோவை மட்டும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கற்பதை இங்கே சில மாலைகளில் கற்றுவிடலாம்.

திரையில் மேலிருந்து கீழே நகரும் வண்ணப் பட்டைக்கு வாட்டர்ஃபால் என்று பெயர். எங்கே சிக்னல் இருக்கிறதோ அங்கே கோடு விழும். காதை விடக் கண் சீக்கிரம் பழகுகிறது என்பது என் அனுபவம்.

படி 2: யு.எஸ்.பி.-யில் வையுங்கள் (கேபிள் அல்ல)

வழக்கமான வானொலி நிலையங்கள் ஏ.எம். முறையில் வரும். ராணுவக் குரல் அநேகமாக எப்போதும் அப்பர் சைட்பேண்ட், சுருக்கமாக யு.எஸ்.பி. சுமந்து வரும் அலையையும் ஒரு பக்கத்தையும் வெட்டிவிட்டு, மீதியை மட்டும் அனுப்புவது. சக்தி மிச்சம், இடமும் மிச்சம். வெட்டிய அலையை உங்கள் ரிசீவர் திரும்ப உண்டாக்கிச் சேர்க்க வேண்டும், அதுவும் சரியான இடத்தில். ஏ.எம்.-மில் வைத்துக் கேட்டால் வாத்து கத்துவது போல ஒன்றுமே புரியாது.

இதைக் கைப்பழக்கமாக்க ஒரு பயிற்சி. 5505 கிலோஹெர்ட்ஸுக்குப் போங்கள், யு.எஸ்.பி.-யில். ஷானன் வால்மெட், விமானங்களுக்கு விமான நிலையங்களின் வானிலையை வாசிக்கும் அயர்லாந்து நிலையம். இப்போது வேண்டுமென்றே 5505.3-க்குத் திருப்புங்கள், குரல் கிணற்றுக்குள் இறங்கும். 5504.7-க்கு வந்தால் கீச்சுக்குரலாகிவிடும். மெல்ல மெல்ல நடுவுக்கு வரும்போது மனிதக் குரல் கூடிவரும் ஒரு புள்ளி இருக்கிறது பாருங்கள், அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கத் தெரிந்துவிட்டால் போதும். இந்த நிலையம் ராணுவம் அல்ல. ஆனால் இதே வேலையைச் செய்யும் பிரிட்டிஷ் விமானப்படையின் வால்மெட் 5450, 11253 ஆகிய இரண்டு அலைவரிசைகளில் வரும். உங்கள் முதல் ராணுவ ஒலிபரப்பு அதுவாக இருந்தால் நல்லது. குறியீடு கிடையாது, சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், பழகுவதற்கு இதைவிடச் சொகுசு கிடைக்காது.

படி 3: கடிகாரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்

எல்லாமே யு.டி.சி., அதாவது உலகப் பொது நேரம். ராணுவத்தில் ஸூலு என்பார்கள். மேசையில் இதற்கென்றே ஒரு கடிகாரம் வையுங்கள். நான் ஆரம்பத்தில் நேரத்தை மட்டும் யு.டி.சி.-யில் எழுதிவிட்டு, தேதியை உள்ளூர்த் தேதியாகவே எழுதிக்கொண்டிருந்தேன். நாலு மாதக் குறிப்பு. எந்தச் செய்தி எந்த நாளுடையது என்று பின்னால் யாரோடும் ஒப்பிட முடியாமல் போய் மொத்தமும் குப்பைக்குப் போனது.

பகல், இரவு விஷயம் இதோடு சேர்ந்தது. பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு ஒன்று தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும், சூரியன் மறைந்ததும் அது கலைந்துவிடும். அதனால் தோராயமான கணக்கு: பகலில் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே தேடுங்கள், இரவில் கீழே. இங்கே பகல் இரவு என்பது உங்கள் ஊருக்கு மட்டும் அல்ல, அலை வரும் பாதை முழுக்க. விடியலும் அந்தியும் தனிச் சுவை, அந்த அரைமணி நேரத்தில் வழக்கமாகக் கேட்காத தூரங்கள் திடீரென்று வாசலுக்கு வந்து நிற்கும். சூரியனில் பெரிய தீப்பிழம்பு வெடித்தால் பகல் பக்கம் முழுக்கச் சிற்றலை சில நிமிடங்களிலேயே செத்துவிடும், ரேடியோ பழுது என்று நினைத்துத் திருப்புளியைத் தேடாதீர்கள்.

அலை இன்று எப்படி இருக்கிறது என்று பார்க்க நேரக்குறி நிலையங்கள் கைகொடுக்கும். அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, ரஷ்யாவின் ஆர்.டபிள்யூ.எம். 4996, 9996, 14996 கிலோஹெர்ட்ஸில். உட்கார்ந்ததும் இவற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன். எது கேட்கிறதோ அந்தப் பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது என்று பொருள்.

படி 4: இப்போது பெட்டி, கம்பி, அப்புறம் இரைச்சல் வேட்டை

சில வாரம் இணையத்தில் கேட்டபிறகும் ஆர்வம் குறையவில்லையா, சரி, வாங்கலாம். கையடக்க ரேடியோ என்றால் சைட்பேண்ட் வசதி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், அது இல்லாத பெட்டி இந்த வேலைக்கு உதவாது. டெக்ஸன் பிஎல்-330, எக்ஸ்எச்டேட்டா டி-808 போன்றவை தொடக்கத்துக்குத் தாராளம். கணினியோடு இணைப்பது பிடிக்குமென்றால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி4, கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஏர்ஸ்பை எச்எஃப் பிளஸ் டிஸ்கவரி. நான் எஸ்டிஆர் பக்கம், அதாவது கணினி மென்பொருளால் இயங்கும் ரிசீவர். இருபது அலைவரிசைகளை ஒரே திரையில் பார்த்துப் பழகியபின் குமிழியைத் திருப்பிக்கொண்டிருக்க மனம் வருவதில்லை.

ஆனால் பணத்தைப் பெட்டியில் கொட்டாதீர்கள், கம்பியில் போடுங்கள். பத்துப் பதினைந்து மீட்டர் சாதாரணக் கம்பியை வெளியே, கட்டடத்திலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி இழுத்துக் கட்டுங்கள். கம்பியைக் கேபிளோடு பொருத்தும் ஒன்பதுக்கு ஒன்று (9:1) டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சேர்த்துக் கோஆக்சியல் கேபிளில் உள்ளே கொண்டுவந்தால் விலையுயர்ந்த ரிசீவரும் டெலஸ்கோபிக் கம்பியும் சேர்ந்து தராததை இது தரும். மின்கம்பிக்குப் பக்கத்திலோ மேலேயோ கீழேயோ ஒருபோதும் போகாதீர்கள். இடி இடித்தால் ஆன்டெனாவைக் கழற்றிவிடுங்கள். சின்னக் கையடக்க ரேடியோவில் நீளக் கம்பியை மாட்டினால் சில நேரம் எல்லா நிலையமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூழாகிவிடும், அப்போது லோக்கல் என்ற ஸ்விட்சைப் போட்டால் தெளியும். வெளியே கம்பி கட்ட இடமில்லாதவர்களுக்கு லூப் எனும் வளைய ஆன்டெனா. அதைக் கையால் திருப்பி இரைச்சல் வரும் திசையை மங்கவைக்கலாம் என்பது பெரிய லாபம்.

இரைச்சல்தான் இந்தக் காலத்து எதிரி. செல்போன் சார்ஜர், எல்இடி விளக்கு, சூரிய மின்தகட்டின் இன்வெர்ட்டர், எல்லாமே சிற்றலையில் கத்தும். பேட்டரியில் ஓடும் ரேடியோவை ஒரு சத்தமான இடத்தில் நிறுத்திவைத்து, மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். சத்தம் போய்விட்டதா, திருடன் வீட்டுக்குள் இருக்கிறான். பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுக்கொண்டே வந்தால் பிடித்துவிடலாம். என் வீட்டில் பிடிபட்டது, எதிலும் மாட்டாமல் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய லேப்டாப் அடாப்டர். அதைப் பிடுங்கிய இரவுதான் 4 மெகாஹெர்ட்ஸில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிந்தது.

படி 5: அமெரிக்க விமானப்படை

8992, 11175 கிலோஹெர்ட்ஸ். இந்த இரண்டு எண்களை மட்டும் மனப்பாடம் செய்தால்கூடப் போதும். இரவுக்கு 4724, நல்ல பகலுக்கு 15016. எல்லாமே யு.எஸ்.பி. இதுதான் அமெரிக்க விமானப்படையின் உலகளாவிய சிற்றலை வலைப்பின்னல், எச்.எஃப்.ஜி.சி.எஸ். குவாம், டியாகோ கார்சியா, அசென்ஷன், பிரிட்டனின் க்ராட்டன், போர்ச்சுகலின் லாஜெஸ் என்று பல தீவுகளிலும் தளங்களிலும் நிலையங்கள் இருப்பதால் பூமியில் எங்கிருந்தாலும் ஏதாவது ஒன்று காதில் விழும் வாய்ப்பு அதிகம்.

முதல் மூன்று இரவு எனக்கு வெறும் சீறல்தான். நான்காவது இரவு, நீர் குடிக்க எழுந்து போய்விட்டுத் திரும்பும்போது அறைக்குள் ஒரு குரல், அவசரமே இல்லாமல், தொலைபேசிப் புத்தகத்தை வாசிப்பது போல. ஆறு எழுத்துகளை மூன்று முறை சொன்னது. உதாரணத்துக்கு, “ஃபோர் டாங்கோ விக்டர் எக்கோ செவன் லீமா” என்பது போல (விக்டர் என்றால் வி, இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்). அப்புறம் ஸ்டாண்ட்பை. அப்புறம் அதே ஆறு எழுத்தில் தொடங்கி முழுச் செய்தி, பெரும்பாலும் மொத்தம் முப்பது எழுத்து. மறுபடி ஒருமுறை முழுசாக வாசித்துவிட்டுத் தன் அழைப்புப் பெயரைச் சொல்லி முடித்துக்கொண்டது. இதற்கு எமர்ஜென்சி ஆக்ஷன் மெசேஜ் என்று பெயர். பெயரைக் கேட்டு மூன்றாம் உலகப் போர் என்று பதறாதீர்கள், நாள்தோறும் பல வரும், பெரும்பாலானவை பயிற்சியாகவும் இணைப்புச் சோதனையாகவும் இருக்க வேண்டும் என்பதே கேட்பவர்களின் பொதுவான ஊகம்.

காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தால் ஒன்று பிடிபடும். எழுத்துகள் எல்லாம் வரும், எண்களில் 2 முதல் 7 வரைதான் வரும். 0, 1, 8, 9 வருவதில்லை. 26 எழுத்தும் 6 எண்ணும் சேர்ந்தால் 32, ஐந்து பிட்டுக்குள் அடங்கும் எண்ணிக்கை. செய்தியின் பொருள் தெரியாமலேயே அது கட்டப்பட்ட அச்சு தெரிந்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், சில நேரம் அதே குரலுக்கு எதிரொலி இருக்கும். பல நிலையங்கள் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் அனுப்புகின்றன, வெவ்வேறு தூரத்திலிருந்து வருவதால் ஒன்றன் பின் ஒன்றாக வந்து சேர்கின்றன.

“ஸ்கைகிங், ஸ்கைகிங், டு நாட் ஆன்சர்” என்று கேட்டால் உடனே பேனாவை எடுங்கள், அது குட்டிச் செய்தி, முன்னுரிமை அதிகம், நடந்துகொண்டிருக்கும் மற்றதை வெட்டிக்கொண்டே வரும். ஒரு குறிச்சொல், நிமிடம், இரண்டெழுத்து உறுதிக்குறி, அவ்வளவுதான். “மெயின்செயில்” என்று யாராவது கூப்பிட்டால், எந்த நிலையமாவது பதில் சொல்லுங்கள் என்று பொருள். பறந்துகொண்டிருக்கும் விமானம் தரையிலிருக்கும் தொலைபேசியோடு இணைப்புக் கேட்பதும், போய் இறங்கும் இடத்தில் வானிலை எப்படி என்று விசாரிப்பதும் குறியீடே இல்லாமல் சாதாரணப் பேச்சாகக் கேட்கும்.

படி 6: ரஷ்யப் பக்கம்

4625 கிலோஹெர்ட்ஸ். இரவில் ஐரோப்பிய ரிசீவர் ஒன்றில் போங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 முறை ஒரு ரீங்காரம், கப்பல் சங்கைத் துண்டு துண்டாக வெட்டியது போல. இதுதான் பஸ்ஸர், யு.வி.பி-76 என்றும் பரவலாகச் சொல்வார்கள். அலைவரிசையை யாரும் எடுத்துக்கொள்ளாமல் பிடித்துவைப்பதற்கான சத்தம் என்பதுதான் பரவலான விளக்கம், எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. சில நேரம் ரீங்காரம் நின்று ஒரு ஆண்குரல் ரஷ்ய மொழியில் அழைப்புப் பெயர், எண்கள், ஒரு சொல், மறுபடி எண்கள் என்று வாசிக்கும். 2001 நவம்பரில் பின்னணியில் மனிதர்கள் பேசிக்கொள்வது ரீங்காரத்தோடு சேர்ந்து ஒலித்தது. அப்படியானால் அது பதிவு ஒன்றும் அல்ல, எங்கோ ஓர் அறையில் ஒரு கருவிக்கு முன்னால் உண்மையாகவே மைக் திறந்திருக்கிறது. உலகம் அழியப்போவதன் அறிகுறி என்று இதைப் பற்றி வரும் காணொளிகளை நம்பி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 7039 கிலோஹெர்ட்ஸ். ஹாம் எனப்படும் உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலிக்காரர்களின் அலைவரிசைப் பட்டைக்குள்ளேயே ரஷ்யக் கடற்படையின் ஒற்றை எழுத்து பீக்கன்கள், அதாவது ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும் நிலையங்கள், மோர்ஸில் வரும். டி என்றால் செவஸ்தபோல், பி கலினின்கிராத், எஸ் செவரோமோர்ஸ்க், சி மாஸ்கோ, எஃப் விளாதிவஸ்தோக், கே கம்சாத்கா. ஒவ்வொன்றுக்கும் இடையில் நூறு இருநூறு ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு நாட்டின் பல முனைகள் ஒரே கோட்டில் வரிசையாக நிற்கின்றன, எது பலமாக இருக்கிறது எது மங்கியது என்று பார்த்தாலே அலை எந்தப் பாதையில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். மோர்ஸ் தெரியாதவர்கள்கூட ஒரு மாலையில் இந்த ஆறு எழுத்துகளைக் கற்றுக்கொள்ளலாம்.

எண் நிலையங்கள் ராணுவமா உளவா என்ற சண்டை தீராதது. எண்களை வாசிக்கும் குரல், மறுமுனையில் ஒரே ஒருமுறை பயன்படுத்தி எரித்துவிடும் சாவித்தாள். முறையாகப் பயன்படுத்தினால் கணிதப்படியே உடைக்க முடியாதது, ஆகவே முயற்சியே வேண்டாம். கியூபாவின் எச்.எம்.01 ஸ்பானிய எண்களையும் கணினி இரைச்சலையும் மாற்றி மாற்றி அனுப்புகிறது.

படி 7: குரல் இல்லாத சத்தங்கள்

நேரம் போகப் போக, சிற்றலையில் ராணுவத்தின் பெரும்பகுதி குரலே இல்லை என்பது புரியும். சில நொடி மட்டும் வந்து பறவை கூவுவது போல எட்டு வெவ்வேறு சுருதிகளில் துள்ளிவிட்டு நின்றால் அது ஏ.எல்.இ., இரண்டு நிலையங்கள் எந்த அலைவரிசை இப்போது நன்றாக இருக்கிறது என்று தானாகவே சோதித்துக்கொள்வது. இதற்கான இலவச மென்பொருள் உண்டு, யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்ற முகவரி திரையில் விழும். நிற்காமல் தகரத்தில் மணல் கொட்டுவது போல வந்தால் நேட்டோவின் ஸ்டானாக் 4285 என்ற தரவு அனுப்பும் முறையாக இருக்கலாம், உள்ளே இருப்பது குறியாக்கம், விட்டுவிடுங்கள். பத்து இருபது கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவி டகடகவென்று அடித்தால் தொடுவானத்துக்கு அப்பால் பார்க்கும் ரேடார். 1976 முதல் 1989 வரை செர்னோபில் பக்கத்திலிருந்து நொடிக்குப் பத்து முறை தட்டிக்கொண்டிருந்த சோவியத்தின் துகா ரேடாருக்கு மரங்கொத்தி என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதன் வாரிசுகள் இன்றும் பல நாட்டிலிருந்து ஹாம் பட்டைகளுக்குள் புகுந்து எரிச்சலூட்டுகின்றன.

படி 8: குறிப்பேடு

தேதி, நேரம், அலைவரிசை, முறை, எந்த ரிசீவர், என்ன கேட்டது. ஒலியின் தரத்துக்கு சின்போ எண்: வலிமை, இடையூறு, இரைச்சல், அலைபரவல், மொத்தம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. முக்கியமாக, ஒன்றுமே கேட்காத இரவையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது எந்த நேரத்தில் 11175 இறந்து 8992 பிழைக்கிறது என்பது அதிலிருந்துதான் கிடைக்கும். அடையாளம் தெரியாததற்கு நிலையத்தின் பெயரை ஊகித்து எழுதாதீர்கள், கேட்டதை மட்டும் எழுதுங்கள். ஊகம் ஒருமுறை ஏட்டில் ஏறிவிட்டால் ஆறு மாதத்தில் அது உங்களுக்கே உண்மையாகிவிடும்.

எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமா? கிவிஎஸ்டிஆர்களில் ஜிபிஎஸ் கடிகாரம் உண்டு. ஒரே சிக்னல் மூன்று நான்கு ரிசீவர்களுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து, வரைபடத்தில் அனுப்பும் இடத்தைத் தோராயமாகக் குறிக்கும் கருவி அதிலேயே இருக்கிறது. சிக்னலைச் சுற்றிவளைத்தாற்போல ரிசீவர்களைத் தேர்ந்தெடுங்கள், எல்லாமே ஒரே பக்கத்தில் இருந்தால் வரைபடத்தில் நீளமாக இழுத்த கறைதான் கிடைக்கும்.

2011 மார்ச்சில் லிபியக் கரையோரம் மேற்கத்தியக் கூட்டணி விமானங்கள் பறந்த நாட்களில், 6877 கிலோஹெர்ட்ஸில் லிபியக் கப்பல்களைத் துறைமுகத்தை விட்டு வெளியேற வேண்டாம் என்று எச்சரிக்கும் அமெரிக்க ஒலிபரப்பு ஒன்று வந்தது. அதைப் பதிவு செய்து உலகத்துக்குக் காட்டியது நெதர்லாந்தில் வீட்டிலிருந்தபடி கேட்டுக்கொண்டிருந்த ஒரு ஆர்வலர். பட்டியலில் இல்லாத அலைவரிசை அது. அதனால் வாரத்துக்கு ஒரு இரவாவது எந்தப் பட்டியலும் இல்லாமல் 5 முதல் 9 மெகாஹெர்ட்ஸ் வரை வாட்டர்ஃபாலில் சும்மா நடந்துபோங்கள்.

கடைசியாக, க்யூ.எஸ்.எல். அட்டை. வானொலி நிலையங்கள் போல ராணுவ நிலையங்கள் கேட்டதை உறுதிப்படுத்தி அட்டை அனுப்பாது, எழுதிக் கேட்டு வம்பை விலைக்கு வாங்காதீர்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மே மாதம் அமெரிக்கப் படைகள் தினத்தையொட்டி ராணுவ நிலையங்கள் தங்கள் அலைவரிசையிலிருந்து கூப்பிட, ஹாம்கள் தங்கள் பட்டையிலிருந்து பதில் சொல்லும் சோதனை நடக்கும். அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுவார்கள், அந்த ஒரு நாளுக்கு அட்டையும் உண்டு. ரேடியோவை அதற்குள் தயார் செய்துவிடுங்கள்.